ஏ-ஒன் ஃபிட்

மானாமதுரை,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அடியே ஒட்டடைக்குச்சி,

மூன்று நாளாக ஆடியோ மேல் ஆடியோவாக அனுப்புகிறாய். “எஞ்சின் ஓட்டப் போறியா, இல்ல எங்கள மாதிரி பனியன் கம்பெனிதானா?” என்று. போனில் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நான் வாயைத் திறந்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, “அப்படி இல்லடி, அன்னைக்கு மழை பெஞ்சுச்சு” என்று வரிக்கு வரி திருத்தம் சொல்கிறாள். இப்போது அவள் துக்க வீட்டுக்குப் போயிருக்கிறாள், அப்பா திண்ணையில் குறட்டை. அதனால்தான் பேப்பரும் பேனாவும். காலேஜில் கடைசி பெஞ்சில் துண்டுச்சீட்டு எழுதியதற்குப் பிறகு உனக்கு நான் எழுதுவது இதுதான்.

முதலில் சேதி. கிடைத்துவிட்டது. அசிஸ்டென்ட் லோகோ பைலட். பேனலில் என் நம்பர் வந்துவிட்டது, ஆர்டர்தான் பாக்கி. அப்புறம் ட்ரெயினிங். அதனால் யாரிடமும் “எஞ்சின் ஓட்டுறா” என்று இப்போதே பரப்பிவிடாதே. நீ பரப்புவாய், எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

எவ்வளவு காலம் என்று கேட்டாயே. விண்ணப்பம் போட்டது 2024 ஜனவரியில். அந்த மாதம் கல்யாணமான எதிர்வீட்டு அக்காவின் பிள்ளை இப்போது எங்கள் வாசல் கோலத்தை மிதித்து ஓடுகிறது. அறிவிப்பு வந்தபோது நாடு முழுவதற்கும் 5,696 இடம் என்றார்கள். நான் சோர்ந்துபோய்ப் படிப்பதையே விட்டுவிட்டேன். ஜூனில் அதை 18,799 ஆக்கினார்கள். அன்று ராத்திரியே பரணில் ஏற்றிய புத்தகத்தை இறக்கினேன். பல்லி முட்டையோடு வந்தது.

ஆள் எடுக்கிற ரயில்வே தேர்வு வாரியம், ஆர்.ஆர்.பி., மொத்தம் 21 இருக்கிறது, ஒரே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நம் செட்டில் இரண்டு பையன்கள் கட்-ஆஃப் குறையும் என்று கணக்குப் போட்டு வெளிமாநிலத்துக்குப் போட்டார்கள். நான் சென்னைக்கே போட்டேன். பெண்களுக்குக் கட்டணம் 250 ரூபாய். முதல் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தால் வங்கிக் கழிவு போகத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். பணம் திரும்பி வந்த அன்று அப்பா, “சர்க்காரு காசத் திருப்பித் தருதா!” என்று பாஸ்புக்கை இரண்டு தடவை பார்த்தார்.

முதல் பரீட்சை 2024 நவம்பர் கடைசி வாரம். அங்கேதான் பெரிய சண்டை, பரீட்சையில் இல்லை, வீட்டில். அதே வாரம் சித்தி மகள் கல்யாணம். முந்தின நாள் ராத்திரி எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து மருதாணி. நான் கையை நீட்டவில்லை. விரல்ரேகை பதிய வேண்டும், மருதாணி வேண்டாம் என்று போட்டிருந்தார்கள். சித்திக்கு முகம் செத்துப்போனது. “கூடப் பொறந்தவ மாதிரின்னு நெனச்சேன்” என்று ஆரம்பித்து, 2011இல் நாங்கள் அவர்கள் வீட்டு காதுகுத்துக்குத் தாமதமாகப் போனது வரைக்கும் இழுத்துவிட்டாள். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் பெண்ணும் கையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்க, நான் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன், ரயில்வே போலீஸ் மாதிரி.

பரீட்சை தமிழிலேயே எழுதலாம். 75 கேள்வி, ஒரு மணி நேரம். தப்பாகப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு மார்க் போய்விடும். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கணக்கு கைகொடுத்தது. இரண்டாவது பரீட்சை மார்ச்சில் என்று சொல்லி 2025 மேக்குப் போனது. அதில் பகுதி ஒன்றுதான் உயிர். பகுதி இரண்டு நம்முடைய தொழில்பாடம், அதில் 35 சதவீதம் எடுத்துத் தாண்டினால் போதும். மோட்டார் வைண்டிங் கேள்வி வந்தபோது நம் ஹெச்.ஓ.டி.யின் மூக்குப்பொடி வாசனை அடித்தது, சத்தியமாக.

இதற்கு நடுவில் ஒரு ஆள் வந்தான். டவுனில் வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு திரிவானே அந்த ரகம். அம்மாவிடம், “பரீட்சையெல்லாம் கண்துடைப்பு, மேலிடத்துல ஆளு இருக்கு, எட்டு லட்சம், பாதி இப்ப, பாதி ஆர்டர் வந்ததும்” என்றிருக்கிறான். அம்மா காலிமனையை விற்கலாமா என்று அப்பாவிடம் ஜாடையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் அவளை உட்காரவைத்து அந்த டெல்லிக் கதையைச் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும், 2022 டிசம்பரில் எல்லாப் பேப்பரிலும் வந்தது. நம் பக்கத்துப் பையன்கள் 28 பேர். டிக்கெட் பரிசோதகர் வேலை, கிளார்க் வேலை என்று சொல்லி, எல்லாரிடமும் சேர்த்து 2 கோடியே 67 லட்சம் வாங்கிக்கொண்டு, டெல்லி ஸ்டேஷனில் தினம் எட்டு மணி நேரம் உட்காரவைத்து, வருகிற ரயிலையும் போகிற ரயிலையும் அதன் பெட்டிகளையும் எண்ணவிட்டார்கள். இதுதான் ட்ரெயினிங் என்று. ஒரு மாதம் எண்ணியிருக்கிறார்கள் பாவம். அம்மா வாயில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். முடிவில் அவள் கேட்டது ஒன்றுதான்: “எத்தன ரயிலுன்னு சரியா எண்ணுனாங்களாமா?” அவளை என்ன செய்ய! ஆனால் மனை தப்பித்தது.

இப்போது அசல் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பரீட்சை தாண்டினால் மூன்றாவதாக ஒன்று, கம்ப்யூட்டரில் நடக்கிற திறனறித் தேர்வு. ‘சிபேட்’ என்போம். எஞ்சினில் போகிறவர்களுக்கு இது கட்டாயம். படித்து எழுதுகிற பரீட்சை இல்லை இது, மூளை எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது. ஐந்து சோதனை. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 42 டி-ஸ்கோர் எடுத்தாக வேண்டும், ஒன்றில் 41 எடுத்தாலும் வீட்டுக்குப் போகலாம். இங்கே தமிழும் கிடையாது, இங்கிலீஷ் அல்லது ஹிந்தி. இந்த மார்க்குக்கு முப்பது பங்கு, இரண்டாவது பரீட்சைக்கு எழுபது பங்கு என்று சேர்த்துத்தான் பட்டியல் போடுவார்கள்.

அந்த ஐந்தில் எனக்கு எமனாக வந்தது செங்கல். சிரிக்காதே. திரையில் ஒரு செங்கல் அடுக்கு வரும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருப்பார்கள். ஒரு கல்லைக் காட்டி, இது எத்தனை கல்லைத் தொடுகிறது என்று கேட்பார்கள். முன்னால் தெரிவதை எண்ணிவிடுவேன், பின்னால் மறைந்திருப்பது தட்டிப்போகும். மாதிரித் தேர்வில் எப்போதும் பாதிதான் வரும். ஒரு ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா தண்ணீர் குடிக்க வந்தவர், “என்னடா?” என்றார். சொன்னேன். போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தார். நாற்பது வருஷமாகக் கொத்துவேலை செய்கிற மனுஷன், அந்தப் படத்தைப் பார்த்து அவர் முகத்தில் வந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். “இதுக்கா அழுவுற கழுத?”

மறுநாள் சாயங்காலம் எக்ஸெல் வண்டியில் முப்பது செங்கல் வந்து இறங்கியது. கொல்லையில் சிமென்ட் சாக்கை விரித்து அடுக்கினார். “இந்தக் கல்லப் பாரு. மேல ரெண்டு, கீழ ரெண்டு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. எத்தன?” ஆறு. “சரி, இப்ப?” என்று ஒரு வரியைக் குறுக்கே திருப்பிப் போடுவார். நான் இந்தப் பக்கமே நிற்க வேண்டும், சுற்றிப் போய்ப் பார்க்கக் கூடாது. தப்பாகச் சொன்னால் கரணையால் கல்லைத் தட்டுவார். “கண்ணுக்குத் தெரியலன்னா கல்லு இல்லாமப் போயிருமா? மேல இருக்கற இது எதும்மேல நிக்குது, அந்தரத்துலயா?” அவ்வளவுதான்டீ. அந்தக் கேள்வி எனக்குள் விழுந்துவிட்டது. மேல் கல் எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தால் மறைந்த கல் தானாக வந்துவிடும். ஒரு மாதம், தினம் வேலை முடித்து, சுண்ணாம்புக் கையோடு இந்த வகுப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் கக்கூஸ் கட்டுகிறோம் என்று நினைத்து எல்லைக்கல்லை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜூலை 15 சிபேட். செங்கல் திரையில் வந்ததும் கரணை தட்டுகிற சத்தம் காதில் கேட்டது. தாண்டிவிட்டேன்.

இனி வருவதுதான் நம் கண்ணாடிக்காரி கதை. நீ ஆடியோவில் அவளைப் பற்றி நாசூக்காகக் கேட்டதும் புரிந்தது. கேள்விப்பட்டது உண்மைதான்.

அவளும் இதே வேலைக்குத்தான் போட்டாள். என்னைவிட நன்றாகப் படித்தாள், மார்க்கும் என்னைவிட அதிகம். அவளுடைய பழைய சோடாபுட்டியை நாம் எத்தனை தடவை ஒளித்து வைத்திருப்போம்! அதுதான் இப்போது இல்லையே, லேசர் செய்துகொண்டாளே என்பாய். ஏன் செய்துகொண்டாள் தெரியுமா? ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து, “பொண்ணு லட்சணம், கண்ணாடிதான் ஒரு மாதிரி இருக்கு” என்றார்கள். அவள் அப்பா நாற்பதாயிரம் கடன் வாங்கி ஆபரேஷன் செய்தார். பார்வை பளிச்சென்று வந்தது. பிறகு அந்த வீட்டார் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது நடந்தது விண்ணப்பம் போடுவதற்கு ஒரு வருஷம் முன்னால்.

எஞ்சினில் ஏறுகிறவர்களுக்கு மெடிக்கல் தரம் ஏ-ஒன். ரயில்வேயில் இருக்கிற தரங்களிலேயே கறாரானது. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6. லேசர் செய்த கண் கூடவே கூடாது, இப்போது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும். இது அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கிறது. அவள் படித்த பக்கம் எல்லாம் பாடத்திட்டப் பக்கம், மெடிக்கல் பக்கத்தைப் புரட்டவே இல்லை. நாமும்தான் எதைப் புரட்டினோம்? நானும் சிபேட்டுக்குக் கண் டாக்டர் சான்றிதழ் கேட்டபோதுதான் அந்தப் பக்கத்தை வாசித்தேன். அவளுக்கு அந்தச் சான்றிதழும் கிடைத்துவிட்டது. 6/6 தெரிகிறதே, டாக்டர் என்ன செய்வார்?

சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து, 24 ரூபாய் கட்டி மெடிக்கலுக்குப் போனோம். ஆமாம், 24 ரூபாய்தான். இரண்டு வருஷ ஓட்டத்தில் மலிவான இடமும் அதுதான், எல்லாருக்கும் நாக்கு வறண்ட இடமும் அதுதான். பென்ச்சில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில். ரத்தம், எக்ஸ்ரே, காது எல்லாம் சிரித்துக்கொண்டே போனோம். கண் பிரிவுக்குள் போகும்போது அவள் என் கையைப் பிடித்தாள், அவள் விரல் ஐஸாக இருந்தது. அப்போதுதான் சொன்னாள், முந்தின ராத்திரி அந்தப் பக்கத்தை லாட்ஜில் படித்தாளாம். மறைக்கலாமே என்று நான் வாயெடுத்தேன், தப்புதான். மறைக்கவும் முடியாது, கருவிழியின் கனத்தை அளந்தால் தெரிந்துவிடும். அவளே உள்ளே போய் டாக்டரிடம், “நான் லேசர் செஞ்சிருக்கேன் மேடம்” என்று சொல்லிவிட்டாள். ஏ-ஒன்னில் விழுந்தால் வேறு வேலைக்கும் மாற்றித் தரமாட்டார்கள். வெளியே வந்து, “நீ முடிச்சிட்டு வா, டீ வாங்கி வைக்கிறேன்” என்றாள். அந்த மாப்பிள்ளை வீட்டார் மட்டும் அன்று என் கையில் கிடைத்திருந்தால்!

என் கதை வேறு மாதிரி கூத்து. புள்ளிப் புள்ளியாக அச்சடித்த அட்டைப் புத்தகம் காட்டுவார்கள், இஷிஹாரா என்ற ஜப்பான் டாக்டர் நூறு வருஷத்துக்கு முன்னால் செய்தது. புள்ளிக்குள் எண் ஒளிந்திருக்கும், நிறம் பிரித்தறியாதவர்களுக்கு அது தெரியாது. முதல் அட்டை வந்ததும் நான் ஜெயித்த மாதிரி “12!” என்று கத்தினேன். டாக்டர் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “அது எல்லாருக்கும் தெரியும்மா, அடுத்ததச் சொல்லு” என்றார். முதல் அட்டை அப்படித்தானாம், நிறக்குருடு உள்ளவருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள்.

இந்த நிறப் பரிசோதனை எங்கே தொடங்கியது என்று அப்புறம் தேடிப் படித்தேன். 1875இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில் மோதி ஒன்பது பேர் செத்தார்கள். ஹோல்ம்கிரேன் என்ற பேராசிரியர், ஓட்டியவருக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு, கலர் கலரான கம்பளி நூல்கண்டுகளை ரயில்காரர்கள் முன்னால் கொட்டிப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். நம் தறிக்காரப் பெண்களைக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்திருப்பார்கள்.

பிறகு ஒரு சோதனை, ஃபாகிங் என்று பெயர். கண்ணுக்கு முன்னால் பிளஸ் இரண்டு பவர் லென்ஸைப் போட்டுவிட்டுத் தூரத்து எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள். தெரியக் கூடாது! தெரிந்தால், கண்ணில் மறைந்திருக்கிற தூரப்பார்வைக் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். உலகத்திலேயே “தெரியல” என்று சொன்னால் பாஸாகிற இடம் இது ஒன்றுதான். எனக்கு முன்னால் போன பையன் பயத்தில் கண்ணை இடுக்கி இடுக்கி ஏதோ எழுத்தை ஊகித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டர் பொறுமையாக, “தம்பி, தெரிஞ்சாச் சொல்லு, வேண்டிக்கிட்டுச் சொல்லாத” என்றார். என் முறை வந்தது. எதிரே வெறும் பனிமூட்டம். “ஒண்ணுமே தெரியல மேடம்” என்று நான் சொன்ன சந்தோஷத்தோடு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சொட்டு மருந்து விட்டு மணிக்கணக்கில் உட்காரவைத்தார்கள். போன் தெரியவில்லை, எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை, ஜன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்துகிறது. மறுநாள் கவுன்டரில் ஒருவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “ஏ-ஒன் ஃபிட்” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு வருஷத்துக்கு இரண்டு வார்த்தை. நான் நகரவில்லை. “என்னம்மா, போம்மா” என்றார். வெளியே வந்தேன். அவள் டீயை வைத்துக்கொண்டு நிற்கிறாள், ஆடை கட்டிப்போயிருந்தது. அதைக் குடித்தேன்.

இப்போது ஊர்ப் பேச்சு. பெரியம்மா, “பொம்பளப் புள்ளைக்கு ராத்திரி எஞ்சினா?” என்றாள். பெரியப்பா கீமேனாக இருந்து ரிட்டையரானவர். தண்டவாளத்தில் தினமும் நடந்து சாவியும் போல்ட்டும் பார்த்த கால். அவர் பெரியம்மாவை ஒரு முறை முறைத்தார். “சுரேகா யாதவ்னு ஒரு அம்மா 1988லயே எஞ்சின்ல ஏறியிருக்கு, உனக்கு இப்பத்தான் ராத்திரி தெரியுதா?” என்றார். பெரியம்மா அத்தோடு காப்பி போடப் போய்விட்டாள். மாப்பிள்ளைத் தரகர் மூன்று தடவை வந்துவிட்டார். ‘ரயில்வே பொண்ணு’ என்று என் ஜாதகத்தின் மேல் பென்சிலால் எழுதியிருக்கிறார். அடிப்படைச் சம்பளம் 19,900, அதற்கு மேல் படியும், ஓடுகிற கிலோமீட்டருக்குத் தனிக் காசும். அதை அவர் என்னிடமே விளக்குகிறார்.

நீ மட்டும்தான் உருப்படியான கேள்வி கேட்டாய்: “எஞ்சின்ல பாத்ரூம் இருக்காடி?” புதிதாக வருகிற சிலவற்றில் வைக்கிறார்கள், பழையவற்றில் கிடையாது. பெண் லோகோ பைலட்டுகள் இதை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல் ஏறுவது என்று ஒரு வழி சொல்கிறார்கள். எனக்கு அது வழியாகத் தெரியவில்லை, சேர்ந்த பிறகு நானும் கேட்கிற கூட்டத்தில்தான் நிற்பேன்.

கண்ணாடிக்காரியைப் பார்த்தால் இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அவள் ரயில்வே கிளார்க் வேலைக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டாள், அதற்குக் கண் விஷயத்தில் இவ்வளவு கறார் இல்லை. இந்தத் தடவை மெடிக்கல் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் விண்ணப்பத்தைத் திறந்தாள்.

உன் தம்பி கோச்சிங்குக்கு இருபத்தைந்தாயிரம் கட்டப் போகிறான் என்றாயே. கட்டுவதற்கு முன்னால் நாளைக்கே ஒரு கண் டாக்டரிடம் போகச் சொல். ‘ரயில்வே ஏ-ஒன் தரத்துக்குப் பாருங்கள்’ என்று சொல்லிக் கேட்கச் சொல். பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணட்டும், அப்புறம் பணம் கட்டலாம்.

உன்,
குள்ளக்கத்திரிக்கா

பி.கு.: அந்த முப்பது செங்கலையும் அப்பா வீணாக்கவில்லை. கொல்லையில் அம்மாவுக்குத் துணி துவைக்கிற மேடை கட்டிவிட்டார்.